வேக்கம் போட்டாச்சா?

கோடை வந்தால் நாளிதழின் உள்பக்கத்தில் அவ்வப்போது ஒரு பெட்டிச் செய்தி வரும். ஊரும் மாடியின் எண்ணும்தான் மாறும். அடுக்ககத்தின் வெளிச்சுவரில் ஏசியின் அவுட்டோர் யூனிட்டைப் பொருத்திக்கொண்டிருந்தவர் தவறி விழுந்தார், போலீசார் விசாரிக்கின்றனர். நான்கு வரிக்கு மேல் இருக்காது. அவர் யாருக்காக அங்கே ஏறினார், கூலி யார் கொடுத்தார்கள் என்ற விவரம் அதில் வராது.

அப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு, ஐடிஐயில் குளிர்சாதனத் தொழிற்பிரிவில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற என் நண்பரிடம் போனேன். "என்னைக் கேட்டா பாடம்தான் சொல்வேன். வேலையைப் பாக்கணும்னா என் பையன் ஒருத்தன் இருக்கான், அவன்கூடப் போங்க" என்றார். அவர் பையன் என்று சொன்னவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். போனில் பேசியதுமே ஒரு நிபந்தனை போட்டார்: "வாத்தியார் சொன்னா சரி சார், வாங்க. பேரு மட்டும் எழுதாதீங்க. ஆப்புல என் ஐடியைத் தூக்கிட்டாங்கன்னா சீசன் போச்சு."

சென்னை பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்ககம், நான்காவது மாடி. அவரும் ஹெல்ப்பர் தம்பியும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். டிரில்லிங் மெஷின், செம்புக் குழாய்ச் சுருள், ஸ்டாண்டு, கயிறு, கேஜ், வேக்கம் பம்பு எல்லாம் அந்த ஒரு பைக்கில். வீட்டில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி பெட்டி பிரிக்காமல் இருந்தது. டன் என்பது எடைதானே என்று வீட்டுப் பெரியவர் கேட்டார். எடை இல்லை, ஐஸ் கணக்கு. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அதுதான் ஒரு டன் குளிர்ச்சி. அந்த வீட்டின் படுக்கையறையில் மாட்டப்போகும் பெட்டி ஒரு நாள் முழுக்க முழு அளவில் ஓடினால் சுமார் 1,360 கிலோ பனிக்கட்டியின் வேலையைச் செய்யும். மெட்ராஸில் ஒரு காலத்தில் அந்தப் பனிக்கட்டியே கப்பலில் வந்தது. அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டியூடர் பாஸ்டனிலிருந்து அனுப்பிய ஐஸை வைக்கத்தான் 1842இல் கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது.

உள்ளே மாட்டும் தகட்டுக்கு ரசமட்டம் பார்ப்பது, சுவரில் கோர் கட்டிங் போடுவது எல்லாம் மளமளவென்று நடந்தன. துளையை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் போட்டார். இல்லாவிட்டால் டிரெயின் தண்ணீர் அறைக்குள்ளேயே திரும்பும். வயர் இணைப்பு மற்ற மின்வேலைகளைப் போலத்தான். அதைத் தாண்டி செம்புக் குழாய்க்கு வந்துவிடுகிறேன். இந்தத் தொழிலின் கைத்திறன் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

உள்பெட்டியையும் வெளிப்பெட்டியையும் இரண்டு குழாய்கள் இணைக்கின்றன. கால் இஞ்ச் குழாயில் திரவம் உள்ளே போகும். அரை இஞ்ச் குழாயில் வாயு வெளியே திரும்பும். கட்டரைச் சுற்றிச் சுற்றிக் குழாயை வெட்டினார். வெட்டிய வாயில் பிசிறு நிற்கும். அதை ரீமரால் சுரண்டும்போது குழாயின் வாயைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்தார். தூள் உள்ளே விழுந்தால் அது நேரே கம்ப்ரசருக்குப் போய்ச் சேரும். பிறகு பித்தளை நட்டைக் குழாயில் ஏற்றிவிட்டு, வாயை ஃபிளேர் டூலில் கவ்வவைத்துத் திருகினார். செம்பு மெதுவாக விரிந்து ஊமத்தம்பூவைப் போல வாய் அகன்றது. "புதுப்பையன் ஃபிளேர் அடிச்சு முடிச்சப்புறம்தான் நட்டைத் தேடுவான். மறுபடி வெட்டணும்" என்றார். ஹெல்ப்பர் தம்பி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

விரிந்த வாயை டார்ச் அடித்துச் சுற்றிப் பார்த்தார். ஒரு மயிரிழை கீறல் இருந்தாலும் கேஸ் நிற்காது. ஒரு சொட்டு எண்ணெய் தடவி, முதலில் கையால் திருகி, பிறகு இரண்டு ஸ்பேனர்களால் முறுக்கினார். ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. "லூஸா விட்டா லீக்கு. ஆத்திரப்பட்டு முறுக்கினா வாய் பிளந்துடும். அதுவும் லீக்குதான்."

அடுத்துத்தான் வேக்கம் பம்பு. எதற்கு இவ்வளவு கனமான ஒன்றை பைக்கில் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று அதுவரை எனக்குள் ஒரு கேள்வி. அதற்கு அவர் ஒரு பாடமே எடுத்தார். வாத்தியாரின் மாணவர் என்பது அப்போது தெரிந்தது.

புதிதாக இணைத்த குழாய்க்குள் காற்று இருக்கிறது. சென்னைக் காற்று என்றால் அதில் தண்ணீர் இருக்கிறது. குளிர்விக்கும் கேஸாக ஆர்-32ஐக் கொண்ட இன்றைய ஏசிகளின் கம்ப்ரசரில் ஊற்றப்படும் செயற்கை எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்தால் அந்த எண்ணெயில் அமிலம் உண்டாகி மோட்டார் வைண்டிங்கின் பூச்சைத் தின்னும். அதனால் குழாய்க்குள் இருக்கும் எல்லாவற்றையும் பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும். இதைத்தான் வேக்கம் போடுவது என்கிறார்கள். அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் இறங்கும். நாம் உட்கார்ந்திருக்கும் அறையின் சூட்டிலேயே குழாய்க்குள் ஒட்டிய ஈரம் ஆவியாகி வெளியே வந்துவிடும். இந்த அழுத்தத்தை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் 7,60,000 மைக்ரான். பம்பு அதை 500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். பிறகு பம்பை நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். எண் அப்படியே நின்றால் லீக் இல்லை. வேகமாக ஏறினால் எங்கோ ஓட்டை.

"இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"பம்பு மட்டும் இருபது நிமிஷமாவது ஓடணும் சார். அப்புறம் நிறுத்தி வெச்சுப் பாக்கணும். மழைக்காலம்னா இன்னும் கூட ஓடும்."

"எல்லாரும் செய்றாங்களா?"

அவர் சிரித்தார். பம்பு இல்லாமலே பத்து விநாடியில் முடிக்க ஒரு வழி உண்டாம். அவுட்டோரில் கம்பெனி நிரப்பி அனுப்பிய கேஸிலிருந்தே கொஞ்சத்தைத் திறந்துவிட்டு, மறுமுனை வழியாகக் காற்றைத் தள்ளிவிடுவது. ஆர்-22 காலத்தில் அதில் ஓரளவு தப்பிக்க முடிந்தது. அப்போதைய எண்ணெய் வேறு. இன்று அப்படிச் செய்தால் காற்று போகும், ஈரம் தங்கும், ஏசியில் அளந்து ஊற்றிய கேஸும் குறையும். ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுத்தது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் பின்னர் செய்த திருத்தங்கள் அதைப் படிப்படியாக ஒதுக்கின. ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனால் அது ஒரு கிலோ காற்றில் கலந்தால் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். தீப்பற்றவும் கூடும். மாடிக்கு மாடி இதைத் திறந்துவிட்டு வேலை முடிக்கிறார்கள் என்றால், அது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பம்பு ஓடிய நேரத்தில் அவர் சொன்ன கணக்கு வேறு மாதிரி இருந்தது.

ஐடிஐ முடித்துச் சென்னைக்கு வந்தபோது ராயப்பேட்டையில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். விண்டோ ஏசியை இறக்கி, கழுவி, ஏற்றும் வேலை. பட்டறை முதலாளி திட்டுவார், சோறு போடுவார், தொழிலையும் சொல்லிக்கொடுப்பார். ஸ்பிளிட் ஏசி வந்ததும் பட்டறை படுத்தது. இப்போது அவர் எந்த நிறுவனத்தின் ஆளும் இல்லை. கம்பெனி ஒரு சர்வீஸ் சென்டருக்கு வேலையைக் கொடுக்கிறது, சர்வீஸ் சென்டர் ஒரு கான்ட்ராக்டருக்கு, கான்ட்ராக்டர் இவருக்கு. வீட்டுக்காரர் பொருத்தும் கூலியாக ஆயிரத்து ஐநூறு ரூபாய் அளவில் கட்டினால் இவர் கைக்கு வருவது நானூறு, ஐநூறு. அதில்தான் ஹெல்ப்பர் சம்பளமும் பெட்ரோலும். பம்பு அவருடையது, கேஜ் அவருடையது, கயிறும் அவருடையது. வெளியே போட்டிருந்த சட்டையில் மட்டும் கம்பெனியின் பெயர்.

பொறுமையாகச் செய்தால் ஒரு ஏசிக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் சீசனில் ஒரே நாளுக்கு ஐந்தாறு வேலைகளை, வேலை ஒதுக்கும் ஆப்பில் தள்ளிவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் போனுக்கு வரும் 'ஹேப்பி கோட்' எண்ணை வாங்கிப் போட்டால்தான் கணக்கு மூடும், காசு வரும். "அந்தக் கோடுக்கு வேக்கம் போட்டோமா இல்லையான்னு தெரியாது சார். எத்தனை மணிக்குப் போட்டோம்னுதான் தெரியும்." மார்ச்சில் தொடங்கி ஜூனில் முடியும் ஓட்டம் இது. ஐப்பசி மழையில் அவருக்கு வேலையே இருக்காது.

நம் வீட்டுப் பணம் கம்பெனிக்குப் போன பிறகு மூன்று கை மாறுகிறது. நடுவில் இருக்கும் இரண்டு கைகளும் ஒரு நட்டைக்கூட முறுக்கியதில்லை. 'இலவச இன்ஸ்டலேஷன்' என்று கடைக்காரர் விளம்பரம் போடும்போது அந்த இலவசத்தைத் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் சுவருக்கு வெளியே தொங்குபவர். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெட்டி விலை இறங்கியது. விற்பனை பற்றிப் பேசினார்கள். மாட்டுகிறவரின் கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை. இருபது நிமிஷத்துக்குக் காசு கொடுக்காத ஒரு ஏற்பாடு, அந்த இருபது நிமிஷம் நடக்கும் என்று எப்படி எதிர்பார்க்கிறது?

இதற்கெல்லாம் முன்பே, குழாயை இணைப்பதற்கு முன் அவுட்டோரைப் பொருத்தியபோதுதான் நான் படித்த செய்தி புரிந்தது. முப்பது கிலோ பெட்டி. ஜன்னலுக்கு வெளியே காலை வைக்க ஒரு குறுகலான திண்டு. கட்டியவர்கள் ஏசி வருமென்று தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அதை மாட்ட ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. அவர் பெல்ட் போட்டு, கயிற்றை உள்ளே தூணில் கட்டிக்கொண்டுதான் இறங்கினார். "இப்ப கட்டற வீட்ல செங்கல் எங்க சார் இருக்கு? வெயிட்லெஸ் பிளாக்கு. சாதா ஆங்கர் போல்ட் அதுல பிடிக்காது. நேத்து மாட்டின ஸ்டாண்டு இன்னிக்குக் கழண்டு வரும்." சுவருக்குக் குறுக்கே நீளப் போல்ட் விட்டு, உள்பக்கம் தகடு வைத்து முடுக்கினார். அதற்கும் நேரம் பிடித்தது. கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று ஸ்டாண்டையே அரித்துவிடும் என்பதால் அங்கே சர்வீஸுக்குப் போனால் முதலில் ஸ்டாண்டைத் தட்டிப் பார்ப்பாராம்.

அவருடைய பழைய கூட்டாளி பிளாக் சுவரில் ஸ்டாண்டு கழன்றுதான் விழுந்தார். இரும்பு நின்றது, சுவர் நிற்கவில்லை. உயிர் தப்பியது, இடுப்பு போனது. வேலை கொடுத்த கான்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்து கொஞ்சம் பணம் கொடுத்தார். சர்வீஸ் சென்டர், 'எங்கள் ஆள் இல்லை' என்றது. அண்ணா சாலையை ஒட்டிய மீரான் சாகிப் தெருவில், ஏசி உதிரிபாகக் கடை ஒன்றில் அவர் இப்போது உட்கார்ந்து குழாய் அளந்து வெட்டிக் கொடுக்கிறார். அங்கே போய்ப் பார்த்தேன். விழுந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. வாடிக்கையாளர்கள் குழாயின் விலையை மட்டும் கேட்கிறார்கள், கனத்தைக் கேட்பதில்லை என்று சலித்துக்கொண்டார். மெலிந்த குழாயில் ஃபிளேர் நிற்காதாம்.

தமிழ்நாடு அரசு 2023இல் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கென ஒரு நலவாரியம் அமைத்தது. நம் மெக்கானிக் அதில் பதியவில்லை. "அது சாப்பாடு கொண்டுபோறவங்களுக்குன்னு நெனச்சேன் சார்" என்றார். ஆப்பில் வேலை வாங்கும் ஏசி மெக்கானிக்குகளையும், அவர்களுக்குப் பின்னால் வரும் ஹெல்ப்பர்களையும் தேடிப்பிடித்துப் பதிய வேண்டியது வாரியத்தின் கடமை. விபத்துக் காப்பீட்டுக்கான பணத்தை, சட்டையில் பெயர் போட்டிருக்கும் கம்பெனி கட்ட வேண்டும். நடுவில் எத்தனை கான்ட்ராக்டர்கள் இருந்தாலும் பொறுப்பு அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

அதுவரை வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஏசி மாட்ட வருபவரிடம் பம்பு கொண்டுவந்தீர்களா என்று கேளுங்கள். கொண்டுவந்திருந்தால் அது ஓடும் நேரத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள். மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் சுவர் செங்கலா, பிளாக்கா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெல்ட் இல்லாமல் வெளியே காலை வைக்க விடாதீர்கள். வேறு நாள் வரட்டும், ஒரு இரவு புழுக்கத்தில் தூங்கினால் ஒன்றும் ஆகிவிடாது. வேலை ஒழுங்காக நடந்திருந்தால் கம்பெனிக்குக் கட்டியது போக அவர் கையில் தனியாகக் கொடுங்கள். அதற்கப்புறம் ஹேப்பி கோட் எண்ணைச் சொல்லுங்கள்.