வைத்திக்குப்பம் டு பெங்களூரு: எந்த ரோடு?

பாண்டிச்சேரியிலிருந்து பெங்களூருக்கு வீடு மாறுகிறவர்கள் முதலில் கேட்பது, "லாரி வாடகை எவ்வளவு?" அடுத்தது, "எந்த வழியா போவீங்க?" இந்த இரண்டாவது கேள்விக்கு இப்போதெல்லாம் யாரும் மெனக்கெடுவதில்லை. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால் ஒரு நீலக் கோடு வளைந்து வளைந்து போய் பெங்களூரில் நிற்கும். பக்கத்திலேயே நேரமும் போட்டிருக்கும். ஆனால் அது காருக்குப் போட்ட கணக்கு. பீரோ, கட்டில், கிரைண்டர், ஃபிரிட்ஜ், அம்மிக்கல், ஒரு ஸ்கூட்டர், இருபத்துச் சொச்சம் அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, மேலே தார்ப்பாய் கட்டிப் போகிற 14 அடி ஐஷர் வண்டிக்குப் போட்ட கணக்கு இல்லை.

வைத்திக்குப்பத்து வீடு ஒன்றில் இந்தக் கேள்வி நான்கு நாள் ஓடியது.

வைத்திக்குப்பம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வடக்கே, குருசுக்குப்பத்தை ஒட்டியிருக்கும் மீனவர் பகுதி. மாசி மகத்தன்று சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்பது இந்தக் கரையில்தான். மற்ற நாட்களில் வலை, படகு, உப்புக் காற்று. அந்தக் காற்று தின்றது போக மிச்சமிருந்த இரும்பு பீரோவைத்தான் அந்த வீட்டு ஆயா "என் பீரோ வராம நான் வரமாட்டேன்" என்று பிடித்துக்கொண்டிருந்தார். பையனுக்கு ஓசூர் சாலையில் பொம்மசந்திராவில் வேலை. ஒரு வருடம் தனியாக அறை எடுத்துத் தங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் அப்பா, அம்மா, ஆயா மூவரையும் அழைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

சரி, ரோட்டுக்கு வருவோம். இருப்பவை மூன்று வழிகள்.

நடு வழி: திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர். சுமார் 310 கிலோமீட்டர். திண்டிவனம் வரை தேசிய நெடுஞ்சாலை 32, அங்கிருந்து கிருஷ்ணகிரி வரை 77. பழைய ஆட்கள் இதை இன்னமும் என்.எச். 66 என்றுதான் சொல்வார்கள். எண்ணை மாற்றி வருடங்கள் ஆகிவிட்டன, வாய் மாறவில்லை.

தெற்கு வழி: விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி. இது சுமார் 100 கிலோமீட்டர் அதிகம். ஆனால் பெரும்பகுதி நான்கு வழிச்சாலை.

வடக்கு வழி: திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வாலாஜா, வேலூர், ஆம்பூர் என்று சுற்றுவது. இதுவும் ஏறக்குறைய அதே 100 அதிகம். செங்கல்பட்டுப் பக்கம் சென்னை நெரிசலில் மாட்டிக்கொள்ளும் புண்ணியம் தனி! அதனால் இந்த வழியை வீட்டில் யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பாவின் ஓட்டு சேலத்துக்கு. "ராஜபாட்டை மாதிரி ரோடு, குலுங்காது. டிவியும் கண்ணாடி அலமாரியும் உருப்படியா போய்ச் சேரும்" என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையின் கதை வேறு. ஊருக்கு வெளியே நான்கு வழியாக விரிந்திருக்கும் சாலை, பல ஊர்களின் புறவழியில் மட்டும் இரண்டு வழியாகச் சுருங்கும்படி கட்டப்பட்டது. அதுவரை எதிர்வண்டியைப் பார்க்காமல் வேகம் எடுத்து வந்தவன், திடீரென்று எதிர் விளக்குகளுக்கு நேராகப் போய் நிற்பான். அந்தப் புறவழிகளில் எத்தனையோ விபத்துகள் நடந்து, அகலப்படுத்தச் சொல்லி மக்கள் பல வருடங்கள் குரல் கொடுத்த பிறகுதான் வேலைக்கே கை வைத்தார்கள். சேலம் தாண்டினால் தொப்பூர் கணவாய். அங்கே பெரும்பாலான விபத்துகள் தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் வண்டிகளால் நடப்பவை. பெங்களூரு போகிறவனுக்கு அது ஏற்றம், ஆகவே ஆபத்து குறைவு. ஆனால் லோடு வண்டி ஏற்றத்தில் முக்கி முனகித்தான் ஏறும்.

செலவையும் பார்த்துவிடலாம். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு 100 கிலோமீட்டர் என்றால் பன்னிரண்டரை லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 1,125 ரூபாய். அதோடு வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி, ஓமலூர், தொப்பூர் என்று வரிசையாகச் சுங்கச்சாவடிகள். பாண்டியில் டீசல் தமிழ்நாட்டை விட மலிவு என்பதால் எந்த டிரைவரும் டேங்க்கை நிரப்பாமல் எல்லையைத் தாண்டமாட்டார். ஆனாலும் கூடுதல் தூரம் கூடுதல் தூரம்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. டிரைவர் ஒரு வழியைச் சிபாரிசு செய்தால், வாடகை எப்படிப் பேசியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மொத்தமாக இவ்வளவு என்று பேசியிருந்தால் சுற்றுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் அவர் பையிலிருந்து போகிறது, குறுக்கு வழிதான் அவருக்கு நல்ல வழி. கிலோமீட்டர் கணக்கில் பேசியிருந்தால் அதே ஆள் "சேலம் ரோடு சூப்பரா இருக்கும் சார்" என்பார். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவரவர் கணக்கு அவரவருக்கு. இந்த வீட்டில் மொத்த வாடகை பேசியிருந்தார்கள். டிரைவர் எதிர்பார்த்தபடியே செஞ்சி வழியைச் சொன்னார். ஆனால் கூடவே, "ராத்திரில வேணாம் சார்" என்று ஒரு வார்த்தையும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை அவருடைய லாபத்துக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஏனென்றால் வீட்டார் போட்டிருந்த திட்டமே ராத்திரிப் பயணம்தான். ஆவணி பௌர்ணமி நல்ல நாள், அன்று விடிந்ததும் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும், பால் பொங்கிய பிறகுதான் சாமான் உள்ளே போக வேண்டும் என்று ஆயா கறாராகச் சொல்லிவிட்டார். அதற்கு முந்தின நாள் பாக்கிங் முடியாது. எனவே அப்பா ஒரு சமரசம் செய்தார்: பௌர்ணமி அன்று பகலெல்லாம் ஏற்றுவது, இரவு எட்டு மணிக்கு வண்டி கிளம்புவது, மறுநாள் விடியற்காலை திதி முடிவதற்குள் பால் காய்ச்சி அங்கேயே சாமானை இறக்குவது. பால் சட்டி, அடுப்பு, விளக்கு, உப்பு, எல்லாம் லாரியிலேயே.

காகிதத்தில் பிரமாதமான திட்டம். நடு வழியில் போனால் இரவு பதினொரு மணி வாக்கில் திருவண்ணாமலை வரும். பௌர்ணமி இரவு பதினொரு மணிக்குத் திருவண்ணாமலை எப்படி இருக்கும்? லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்துகொண்டிருப்பார்கள். ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையின் ஒரு பகுதியே கிரிவலப் பாதை. பேருந்துகளையே ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள், சரக்கு வண்டிகளைத் திருப்பி விடுவார்கள். அப்படியானால் சேலம் வழிதான். பகல் முழுக்க பீரோவும் கட்டிலும் தூக்கிய அதே டிரைவர், தூக்கமில்லாமல், நள்ளிரவில் அந்த இருவழிப் புறவழிகளில் எதிர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு 410 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பக்கத்து இருக்கையில் வீட்டுப் பையன்.

கண்ணாடி அலமாரி உடைந்தால் வேறு வாங்கலாம். இந்தப் பேச்சு வந்தபோதுதான் அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார். "பால் சட்டி லாரியிலதான் போவணும்னு யாரு சொன்னது? அதை நான் மடியில வச்சிக்கிட்டு பஸ்ல போறேன்."

அவ்வளவுதான். நான்கு நாள் முடிச்சு அவிழ்ந்தது. பால் காய்ச்சும் நேரத்தோடு லாரியைக் கட்டிப் போட்டிருந்ததால்தான் மூன்று வழியுமே கோணலாகத் தெரிந்தன. பாக்கிங்கை எப்படியோ ஒரு நாள் முன்னால் முடித்து, முந்தின நாள் மாலையே வண்டியில் ஏற்றினார்கள். வைத்திக்குப்பத்துச் சந்துகளில் ஐஷர் நுழையாது. அகலமான தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, தெருப் பையன்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்பா, அம்மா, ஆயா மூவரும் சட்டி, சின்ன அடுப்போடு ராத்திரி பஸ் ஏறினார்கள். டிரைவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். பௌர்ணமி அன்று காலை நான்கு மணிக்கு லாரி கிளம்பியது, 310 கிலோமீட்டர் வழியில்.

லாரியில் ஏன் பையன் மட்டும்? ஆயாவுக்குச் சாமான் மேலேயே உட்கார்ந்து போகலாம் என்றுதான் ஆசை. அந்தக் காலத்தில் அப்படித்தானே எல்லாரும் போனோம் என்று கேட்டார். நம் ஊர்களில் இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் சரக்கு வண்டியில் போகிறவர்களில், சரக்கின் உரிமையாளர் அல்லது அவர் அனுப்பும் ஆளுக்குத்தான் வண்டியின் கட்டாயக் காப்பீடு பொருந்தும். 1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த வரி அது. பின்னால் சாமானோடு குடும்பமாக உட்கார்ந்து போகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

காகித வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மாநிலம் தாண்டும் சரக்குக்கு 2018 ஏப்ரலிலிருந்து இ-வே பில் வேண்டும் என்றாலும், பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு விலக்கு உண்டு. 'பயன்படுத்திய' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். புது வீட்டுக்கென்று பெட்டி பிரிக்காமல் எடுத்துப் போகிற டிவிக்கு பில் கையில் இருப்பது நல்லது. சாமான் பட்டியல் ஒன்றை மதிப்போடு எழுதி, லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காவிட்டால் சரக்குக்காரர் தர வேண்டிய இழப்பீட்டுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. கேஸ் சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்து வவுச்சர் வாங்கியாயிற்று. ஸ்கூட்டரில் பெட்ரோலை வடித்தாயிற்று.

கடைசி நேரத்தில் ஒரு சித்தப்பா வந்து, "பெங்களூருல இந்த விலைக்குக் கிடைக்காது" என்று செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பாட்டில்களைத் துணி மூட்டைக்குள் செருகப் பார்த்தார். பாண்டியில் பிரியாவிடை என்றால் இப்படித்தான்! டிரைவர் மூட்டையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, செக்போஸ்ட்ல மாட்டுனா பாட்டில் மட்டும் போகாது, வண்டியும் போயிடும்." பாண்டி எல்லையில் தமிழ்நாட்டுப் போலீஸ் தேடுவது பீரோவையும் கட்டிலையும் இல்லை என்பது ஊரறிந்த விஷயம். 2017இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்தார்கள், மதுவுக்கான சோதனையை எடுக்கவில்லை. பாட்டில்கள் சித்தப்பாவோடு திரும்பிப் போயின. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

செஞ்சி வரும்போது விடிந்துவிட்டது. ஏழு மணிக்கு முன்பே திருவண்ணாமலை. தடுப்புக் கம்பிகளை அப்போதுதான் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். செங்கத்தைத் தாண்டும்போது இருபக்கமும் மலைகள் ஒதுங்கி வழிவிடும். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையும் மோதிக்கொண்டது இந்தச் செங்கத்தில்தான். மைசூர்ப் பக்கத்திலிருந்து சமவெளிக்கு இறங்க அன்றைக்கும் இந்த இடைவெளிதான் வசதி. மலை விட்ட வழியில்தான் பீரங்கியும் போனது, ஆயாவின் பீரோவும் போனது. ஊத்தங்கரை பக்கம் இட்லி, கிருஷ்ணகிரியில் டீ. பன்னிரண்டு மணி சுமாருக்கு அத்திப்பள்ளி. காலை நெரிசலில் சரக்கு வண்டிக்கு பெங்களூரில் தொல்லை அதிகம், நண்பகலில் அது இல்லை. பொம்மசந்திரா ஊருக்கு இந்தப் பக்கமே இருந்ததால் நகரத்துக்குள் நுழையவே வேண்டியிருக்கவில்லை.

பால் காலையிலேயே பொங்கியிருந்தது. உடைந்தது ஒரே ஒரு ஊறுகாய் ஜாடி. ஃபிரிட்ஜை நின்ற வாக்கிலேயே கட்டி வந்திருந்தாலும், சில மணி நேரம் போட வேண்டாம் என்று டிரைவர் சொல்லிவிட்டு, ஓசூரில் ரிட்டர்ன் லோடு பேசப் போய்விட்டார்.

ஸ்கூட்டர் இப்போதைக்கு பி.ஒய். 01 எண்ணோடு ஓடுகிறது. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அதற்கு வரியும் கட்ட வேண்டும். பையன் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறான். ஆயாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போயே ஆக வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். மாசி மகமும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். பஸ்ஸும் திருவண்ணாமலை வழியாகத்தான் போகும். இரண்டு நாள் முன்னதாகவே டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறார் அம்மா.