பனி காத்த எல்லை

காலை ஏழு மணிக்கு அவலாஞ்சி சோதனைச்சாவடியைத் தாண்டியபோது சாலையோரப் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. ஜனவரி மாதம். ஊட்டியில் உறைபனி என்று ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளில் படம் பார்த்திருக்கிறேன். அது காலுக்கடியில் நொறுங்கும் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். சுட்ட அப்பளத்தை மிதித்ததுபோல இருந்தது.

நான் கோயம்புத்தூர்க்காரன். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது பில்லூர் அணைத் தண்ணீர், அதாவது பவானியாற்றுத் தண்ணீர். அது பிறக்கும் இடத்தை ஒருமுறையாவது நடந்து பார்க்கவேண்டும் என்று பல வருடங்களாக ஆசை. வனத்துறை அனுமதி கிடைத்து, அவலாஞ்சியிலிருந்து மேல்பவானி போகும் வழியில் ஒரு மேட்டில் ஜீப் எங்களை இறக்கிவிட்டது. துணைக்கு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் தோடர் இனத்தவர். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். ஆனால் எங்கே நிற்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முதலில் நிறுத்திய இடம் ஒரு சோலையின் விளிம்பு. இரண்டு மலைச்சரிவுகள் மடியும் பள்ளத்தில் குட்டையான, முறுக்கேறிய மரங்கள் ஒன்றோடொன்று தலையைக் கோத்து நிற்கின்றன. பள்ளத்துக்கு வெளியே ஓர் அடி வைத்தால் வெறும் புல். இடையில் புதரோ இளமரங்களோ கிடையாது. யாரோ கோடு கிழித்ததுபோல அங்கே காடு முடிந்துவிடுகிறது.

"உள்ளே கையை வச்சுப் பாருங்க சார்" என்றார். சோலைக்குள் மண்ணைத் தொட்டேன். ஈரமாக, பொதுபொதுவென்று, குளிர்ச்சியாக இருந்தது, ஆனால் உறையவில்லை. இரண்டே எட்டு தள்ளிப் புல்லுக்கடியில் தொட்டால் மண் கல்லாக இறுகியிருந்தது. "வெளியில முளைக்கிற சோலைக் கன்னை எல்லாம் இந்தப் பனி கருக்கிடும். புல்லுக்கு ஒண்ணும் ஆகாது. வேர்லேருந்து திரும்ப வரும்."

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த எல்லையைக் காத்து வந்த பெரிய காவல் அந்த வெள்ளைப் பனிதான். தீயும் மேய்ச்சலும் காற்றும்கூட அதற்குத் துணை நின்றிருக்கின்றன. சரிவில் தனியாக நின்ற ஒரு மரம் மட்டும் விதிவிலக்கு. காட்டுப்பூவரசு. தடித்த பட்டையோடு, பனியையும் தீயையும் தாங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புப் பூ விட்டிருந்தது.

உலகம் முழுக்க அறிவியலாளர்கள் இந்தக் காட்டை 'ஷோலா' என்றே எழுதுகிறார்கள். நம் 'சோலை' என்ற சொல் அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்திலிருக்கும் புல்லுக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. பெயரில்லாததாலேயே அது வெறுமையாகத் தெரிந்ததோ என்று அங்கே நிற்கையில் எனக்குத் தோன்றியது. 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்தபின் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு, சோலை விறகாகவும் புல்வெளி தரிசாகவும் பட்டது. விறகு போதவில்லை என்று 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அதை நிறுத்தவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது, இழை ஆலைக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது. வரிசை வரிசையாகப் புல்வெளியில் நட்டோம். மரம் நடுவது நல்லது என்று நம்பியே நட்டார்கள். அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

அடுத்த மேட்டில் ஏறியதும் அந்தச் சீகைக்குள் நுழைந்தோம். வெளிச்சம் சட்டென்று மங்கியது. ஒல்லியான கருத்த தண்டுகள் நெருக்கி நின்றன. கீழே பொடிப்பொடியான இலைச்சருகு. ஒரு புல் இல்லை. குனிந்து சருகை விலக்கினேன். பழைய புல் கற்றைகளின் அடிக்கட்டைகள் மட்டும் சாம்பல் நிறத்தில், தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. ஒரு காலத்தில் இந்த இடமும் வெயில் பட்ட புல்வெளிதான்.

சீகைக்கு உறைபனி ஒரு பொருட்டே அல்ல. காவலைத் தாண்டத் தெரிந்த மரம் ஒன்றை நாம் உள்ளே விட்டுவிட்டோம், மற்றதெல்லாம் அதன்பின் தானாக நடந்தது. நிழலில் புல் செத்தது. அவரை, துவரை இனத்து மரம் என்பதால் சீகை தன் வேர் முடிச்சுகளால் மண்ணில் தழைச்சத்தைச் சேர்த்தது. சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகிய மலைப்புல்லுக்கு அந்தச் செழிப்பால் பயனில்லை, களைகளுக்குத்தான் வாய்ப்பு. காய்கள் வெடித்துச் சிதறும் கறுப்பு விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ வந்தால் எரியாமல், அந்தச் சூட்டையே அழைப்பாக எடுத்துக்கொண்டு முளைக்கும். முன்பு தோடர்கள் கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள், எருமைகளுக்கு இளம்புல் துளிர்க்கும். வனச் சட்டங்கள் வந்து அதைத் தடுத்தன. இன்று அதே தீ வைத்தால் புல்லுக்கு முன்னால் சீகை வந்து நிற்கும். தீயின் குணமே இங்கே மாறிவிட்டது.

"எங்க பாட்டன் காலத்துல இந்த மேட்டுலேருந்து பார்த்தா அந்த மலையில எருமை நிக்கிறது தெரியுமாம்" என்றார் காவலர். "இப்போ எங்க மந்துலயே, அதான் எங்க குடியிருப்புலயே, எருமை குறைஞ்சுபோச்சு. கோயிலுக்குக் கூரை மாத்தணும்னா சதுப்போரம் வர்ற புல்லு வேணும். அதைத் தேடி ரொம்ப தூரம் போறோம்." புல் இல்லையென்றால் எருமை இல்லை, எருமை இல்லையென்றால் தோடர் சடங்குகளில் பாலும் மோரும் இல்லை. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வழி காட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார்.

சீகைத் தோப்பிலிருந்து கீழிறங்கியபோது ஓர் ஓடை. ஒரே எட்டில் தாண்டிவிடலாம். இதே மலைகளில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, நாடே அவலாஞ்சியின் பெயரைக் கேட்டது அப்போதுதான். அவ்வளவு மழை பெறும் ஊரில் கோடைத் தண்ணீரைத் தீர்மானிப்பது மழை மட்டுமல்ல. பெய்ததைப் பிடித்துவைத்து மெல்ல விடும் புல்லும் சதுப்பும்தான். ஊட்டியிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளன்மார்கன் பகுதியில் இதை வருடக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள், பக்கத்திலிருந்த இன்னொன்றில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பகுதியிலிருந்து ஓடிவந்த நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் துளிர்த்து மறுபடி வளர்ந்த இரண்டாம் பத்தாண்டில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. கோவையில் குழாயடியில் குடத்தோடு காத்திருந்த என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அந்தக் குடத்துக்கும் இந்த மேட்டுக்கும் இடையே ஒரு தொடர்பு இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

ஓடையைத் தாண்டி மேற்கே நடந்தால் நிலம் திடீரென்று முடிகிறது. கீழே கேரளம், மூடுபனி. பாறை விளிம்பில் வரையாட்டுப் புழுக்கைகள் கிடந்தன, புதிது. ஆட்டைப் பார்க்கவில்லை. குட்டி போடும் காலம், இதற்கு மேல் போகவேண்டாம் என்று காவலர் தடுத்துவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. வரையாடு திறந்த புல்லில் மேயும். சிறுத்தையையோ செந்நாயையோ தூரத்திலேயே கண்டுகொண்டு செங்குத்துப் பாறைக்கு ஓடிவிடும். அதற்குத் தீனி எவ்வளவு முக்கியமோ, எட்டும் வரை தெரியும் பார்வையும் அவ்வளவு முக்கியம். மரம் வளர்ந்தால் இரண்டும் போகும். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,303 வரையாடுகள். நம் மாநிலத்துக்குள் நம் மாநில விலங்கின் மொத்தக் குடும்பமும் அவ்வளவுதான். விளிம்பில் ஒரு நெட்டைக்காலிக் குருவி மட்டும் புல்லிலிருந்து எழும்பிப் பாறையில் உட்கார்ந்து, வாலை ஆட்டிவிட்டு மறுபடி புல்லுக்குள் போய்விட்டது. நீலகிரி நெட்டைக்காலிக்கும் இந்த உயரப் புல்வெளிகளை விட்டால் போக்கிடம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் 44 ஆண்டுகளில் 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி அந்நிய மரங்களிடம் போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. இருந்த புல்லில் அது 23 சதவீதம்.

அப்படியானால் வெட்டிவிட வேண்டியதுதானே? நானும் அந்த எண்ணத்தோடுதான் மலையேறினேன். மதியம் பார்த்த இடம் அந்த எண்ணத்தைக் கலைத்தது.

இரண்டு வருடம் முன்பு சீகையை வெட்டி அகற்றிய சரிவு அது. புல் திரும்பியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். கீரைப்பாத்தி விதைத்ததுபோல மண் தெரியாமல் சீகைக் கன்றுகள். மரம் போனதும் வெயில் விழுந்தது, உறங்கிய விதைகளெல்லாம் ஒன்றாக விழித்துக்கொண்டன. எட்டுப் பெண்கள் குனிந்து ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய இடத்தில், வேறு சரிவிலிருந்து பெயர்த்து வந்த புல் கற்றைகளை நட்டிருந்தார்கள். சில வேர் பிடித்திருந்தன.

எமரால்டு பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த மூத்த பெண்மணி ஒருவர் சொன்னார்: "போன வருசமும் இதே எடத்துல புடுங்கினோம் தம்பி. அடுத்த வருசமும் புடுங்கணும்." சற்று நிறுத்தி, "இந்த மரத்தைத் திட்டவும் மனசு வரல. எங்க புள்ளைங்க குளிருக்குக் காய்ஞ்சது இதுலதான். காஸ் வர்ற வரைக்கும் அடுப்பெரிஞ்சது இதுலதான்" என்றார். நான் எழுதிக்கொண்டேன். இந்த மலைக்கிராமங்கள் பலவற்றுக்கு இது அந்நிய மரமே அல்ல, மூன்று நான்கு தலைமுறையின் விறகு. அதை அகற்றும் திட்டத்தில் அவர்கள் அடுப்புக்கும் இடம் இருந்தே ஆகவேண்டும்.

இன்னொன்றையும் காவலர் காட்டினார். பழைய சீகைத் தோப்பு ஒன்று, சோலையை ஒட்டியது. உள்ளே போனால் சீகைக்கு அடியில் நாவல் இனத்துக் கன்றுகளும் வேறு சோலை மரக் கன்றுகளும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. வெளியே அவற்றைக் கருக்கும் பனியைச் சீகையின் கூரை தடுத்திருக்கிறது. கெடுத்த மரமே இங்கே தாதியாகவும் இருக்கிறது. இதை வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும். விட்டால் ஒருநாள் சோலையாகலாம், ஆனால் பழைய புல்வெளி திரும்பாது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சோலையை ஒட்டிய பழைய தோப்புகளை இப்போதைக்குத் தொடவேண்டாம். மேட்டுப் புல்லில் இன்றுதான் தலைகாட்டும் தனிக் கன்றுகளை, விதை விடுமுன், உடனே பிடுங்கவேண்டும். அங்கே புல் இன்னும் உயிரோடு இருக்கிறது, மண் இன்னும் மாறவில்லை, செலவும் குறைவு. அந்நியத் தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்கவும் 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே வகுத்தது. அதன் பலன் எத்தனை ஏக்கர் வெட்டினோம் என்ற கணக்கில் இல்லை, வெட்டிய இடத்துக்கு எத்தனை வருடம் திரும்பி வந்தோம் என்பதில்தான் இருக்கிறது.

மாலை நாலு மணிக்கு ஜீப் வரும்வரை நானும் அந்தப் பெண்களோடு குனிந்து பிடுங்கினேன். கன்று சுண்டுவிரல் நீளம்தான், வேர் அதைவிட இரண்டு மடங்கு. இழுத்தால் பாதியில் அறுந்துவிடுகிறது. அறுந்தால் மறுபடி வரும் என்று பக்கத்திலிருந்தவர் மண்ணைக் குத்தித் தளர்த்திவிட்டு இழுக்கச் சொல்லிக்கொடுத்தார். ஒன்றரை மணி நேரத்தில் நான் சுத்தம் செய்தது ஒரு பாய் விரிக்கும் இடம்.

வண்டியில் ஏறப் போனபோது காவலர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பூட்ஸைக் கழட்டித் தட்டுங்க சார்." தட்டினேன். அடிப்பள்ளங்களில் அப்பியிருந்த சேறு தார்ச்சாலையில் விழுந்தது. அதில் மூன்று கறுப்பு விதைகள். அவற்றைப் பொறுக்கி, காகிதத்தில் மடித்து, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.