வடநெம்மேலியின் ஆண்டுக் கணக்கு

மார்ச் முடிந்ததும் அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கைகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வரும். வழவழப்பான தாளில் நோட்டுப் புத்தகம், தையல் இயந்திரம், கண் சிகிச்சை முகாம், மதிய உணவு என்று பக்கத்துக்குப் பக்கம் படங்கள் இருக்கும். கொடுத்தவர் கேமராவைப் பார்த்து நிற்பார், வாங்கியவர் பொருளைப் பார்த்து நிற்பார். நான் அவற்றை அலட்சியமாகப் புரட்டுவதில்லை. முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவர் நல்லது செய்தவர்தான். ஆனாலும் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரனான எனக்கு, உதவி என்ற பேச்சு எழுந்தாலே நினைவுக்கு வருவது வடநெம்மேலியில் நடக்கும் காரியம். அங்கே எடுக்கும் படத்தில் யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் அந்த இடத்தை எல்லோரும் முதலைப் பண்ணை என்றுதான் சொல்வார்கள். சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளையை ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது 1976-இல். அதன் வளாகத்துக்குள்ளேயே இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். அது 1978-இல் பதிவானது. அனுமதிகள் கிடைத்து வேலை சூடு பிடிக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. முதலையைப் பார்க்க வருகிற கூட்டத்தில் ஒரு பகுதி இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

சங்கம் ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள அதற்கு முந்தைய கதையைச் சொல்ல வேண்டும். இருளர்களை எங்கள் பக்கத்தில் வில்லியர் என்றும் சொல்வார்கள். ஏரிக்கரை, புறம்போக்கு, சவுக்குத் தோப்பு ஓரம், எங்கே துரத்தவில்லையோ அங்கே குடிசை. வயலில் எலி பிடிப்பது, மூலிகை பறிப்பது, தேன் எடுப்பது, பாம்பு பிடிப்பது எல்லாம் அவர்கள் பிழைப்பு. பாம்புத் தோலுக்கு ஒரு காலத்தில் நல்ல கிராக்கி இருந்தது. ஒரு தோலுக்குச் சில ரூபாய் கொடுத்து வியாபாரி வாங்குவான். அது பதனிடப்பட்டுக் கப்பலேறிக் கைப்பையாகவும் காலணியாகவும் மாறும். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் தோல் ஏற்றுமதியும் நின்றது. சட்டம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று ராத்திரி யார் வீட்டில் அடுப்பு எரியாது என்று அதை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே 1976-இல் வந்ததுதான். அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் இருளர் குடும்பங்களை மீட்டார்கள் என்ற செய்தி வந்துகொண்டேதான் இருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு உள்ளே போன குடும்பம் லேசில் வெளியே வராது.

விட்டேக்கர் கிண்டியில் பாம்புப் பண்ணை வைத்த நாளிலிருந்தே இருளர்களோடு காடு மேடெல்லாம் அலைந்தவர். பாம்பு பிடிக்கும் நுணுக்கத்தை அவர்களிடமிருந்தே கற்றவர். அவரும் அவரோடு இருந்தவர்களும் கண்டுபிடித்த வழி மிக எளியது. செத்த பாம்பு ஒரு முறைதான் காசு தரும். உயிரோடு இருக்கிற பாம்பிடமிருந்து விஷம் எடுத்து விற்கலாம், பிறகு அதைக் காட்டிலேயே விட்டுவிடலாம். மக்களுக்குப் புதிதாக எந்தத் தொழிலும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கையில் இருந்ததற்கே விலை வைத்தார்கள். இதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஏழைக்கு உதவப் போகிறவர்கள் பெரும்பாலும் அவனுக்கு என்ன தெரியாது என்று பட்டியல் போட்டுக்கொண்டு போவார்கள். இங்கே அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள்.

உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது பானைகள். சமையலுக்கு வாங்குகிற அதே மண் பானைதான். அடியில் மணல், வாயில் இறுக்கிக் கட்டிய துணி, எந்தப் பாம்பு, என்றைக்கு வந்தது என்ற குறிப்பு. வருவது நான்கே வகை: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த நான்கும்தான். ஒரு பாம்பை 21 நாள் வைத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு முறை விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி, பிடித்த பாம்பையே மறுபடி பிடிக்காதபடி பார்த்துக்கொண்டு, காட்டில் விட்டுவிடுவார்கள்.

விஷம் எடுப்பதைப் பார்க்கிற கூட்டத்தில் முதலில் சளசளவென்று பேச்சு இருக்கும். இருளர் ஒருவர் வெறுங்காலோடு நடுவில் நின்று பானைத் துணியை அவிழ்ப்பார். கம்பிக் கொக்கியால் பாம்பை வெளியே எடுத்து மணலில் விடுவார். கண்ணாடி விரியன் என்றால் குக்கர் விசில் மாதிரி சீறும், அத்தோடு கூட்டம் அடங்கிவிடும். தலையை மெல்ல அமுக்கிப் பிடித்து, மெல்லிய தோல் கட்டிய கண்ணாடிக் குவளை விளிம்புக்குக் கொண்டுபோவார். பாம்பு கடிக்கும். பல் உள்ளே இறங்குவதும், மஞ்சளாக இரண்டு சொட்டு கண்ணாடியில் வழிவதும் முன்வரிசைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். அவ்வளவுதான், பாம்பு பானைக்குத் திரும்பிவிடும். சுருட்டை விரியன் உருவத்தில் சிறியது. உலர்த்திய விஷம் ஒரு கிராம் சேர்க்க அதில் நூற்றுக்கும் மேற்பட்டவை வேண்டும். அந்த ஒரு கிராமுக்குப் பின்னால் எத்தனை பகல் வெயில் என்பதை யாராவது கணக்குப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் உண்மையான வேலை நடப்பது இந்த வளாகத்தில் இல்லை, வரப்பில். இரண்டு பேராகப் போவார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போவதும் உண்டு. கையில் ஒரு கடப்பாரையும் துணிப்பையும் இருக்கும். எலி வளை எங்கே இருக்கிறதோ அங்கே பாம்பு வரும். வளை வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால் உள்ளே ஒன்றும் போகவில்லை. வாய் விளிம்பில் மண் வழவழவென்று தேய்ந்திருந்தால் போக்குவரத்து இருக்கிறது. புழுதியில் இழுத்த தடம், உரித்துப் போட்ட சட்டை, காய்ந்த எச்சம் என்று நமக்குக் கட்டாந்தரையாகத் தெரிவது அவர்களுக்கு நேற்று ராத்திரி நடந்த கதை. ஒருமுறை திருக்கழுக்குன்றம் பக்கத்து வயலில் அவர்கள் பின்னால் நடந்தபோது, நான் தாண்டிப் போன வளை ஒன்றைக் காட்டி, இது காலி, அடுத்ததைப் பார் என்றார் அந்த அம்மா. அடுத்ததில் நல்ல பாம்பு இருந்தது. தோண்டி முடித்ததும் வளையை மண் போட்டு மூடிவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

இந்த அறிவுக்கு எங்கள் வீடுகளில் முன்பு என்ன மரியாதை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வைக்கோல் போரில் பாம்பு புகுந்தால் வில்லியனைக் கூப்பிடு என்று ஆள் ஓடும். வருவார், பிடிப்பார். கொல்லைப்புறத்தில் கூழோ பழைய வேட்டியோ கொடுத்து அனுப்புவார்கள். வயதில் மூத்தவரையும் ஒருமையில்தான் அழைப்பார்கள். உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலைக்குக் கொடுத்ததைக் கூலி என்றுகூட நினைத்ததில்லை, தர்மம் என்றுதான் நினைத்தார்கள். சங்கம் வந்த பிறகு அதே பாம்புக்கு வகைக்கு ஒரு விலை எழுதப்பட்டது. கொண்டுவந்தவர் பெயரில் ரசீது போடப்பட்டது. லாபத்தில் பங்கும் உண்டு. 300-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இப்போது இருக்கிறார்கள்.

இங்கிருந்து போகிற விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். நாட்டில் அந்த மருந்து செய்யும் நிறுவனங்கள் வாங்கும் விஷத்தில் பெரும்பங்கு நீண்ட காலமாக வடநெம்மேலியிலிருந்தே போயிருக்கிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. செத்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் கிராமத்து மக்கள். விடியலுக்கு முன் தண்ணீர் பாய்ச்சப் போனவர், களை எடுக்க உட்கார்ந்தவர், தரையில் பாய் விரித்துப் படுத்த பிள்ளை. நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏறிப் பிழைத்தவர்களுக்கு அந்தக் குப்பி எங்கே தொடங்கியது என்று தெரியாது. யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த பிறகு இந்தச் சாலை முழுக்க அறக்கட்டளைகளின் பெயர்ப் பலகைகளாக இருந்தது. படகு கொடுத்தார்கள், வலை கொடுத்தார்கள், வீடு கட்டினார்கள். அந்த நேரத்தில் அது தேவைப்பட்டது. பிறகு பலகைகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து இறங்கின. நிதி வருகிற வரைதான் திட்டம் ஓடும், அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. வடநெம்மேலிச் சங்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்பதற்குக் காரணம், அது தன் சொந்தச் சரக்கை விற்று நடப்பது. இருளர் பெண்கள் மூலிகை அறிவை வைத்துத் தண்டரையில் 1986-இல் தொடங்கிய நலச் சங்கமும் இதே வழியில் வந்ததுதான்.

இருளர்களின் ஆண்டு என்றால் மாசி மகத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. முதல் நாளே மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். நான்கு கழி நட்டுப் புடவையைக் கட்டினால் வீடு. கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள், அவளைச் சமாதானம் செய்து அழைக்க வந்திருக்கிறோம் என்பார்கள். விடியற்காலையில் ஈர மணலைக் கையால் அள்ளிப் படி கட்டி, பூவும் பழமும் பொரியும் வைத்துக் கற்பூரம் ஏற்றுவார்கள். பிள்ளைக்கு மொட்டையும் காதுகுத்தும் அங்கேயே. பெண் பார்ப்பது, நிச்சயம், தாலி கட்டுவது எல்லாமும் அங்கேயே. மண்டபம் இல்லை, புரோகிதர் இல்லை. திருவள்ளூரிலிருந்து வந்தவரும் விழுப்புரத்திலிருந்து வந்தவரும் ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் நலத்தை ஒருவர் விசாரித்துக்கொள்ளும் இடம் அது. சங்கங்களும் சட்டங்களும் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இந்த மக்கள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்ட ஏற்பாடு இதுதான்.

இல்லாதது எல்லாம் காகிதம். சாதிச் சான்று இல்லை, பட்டா இல்லை, குடும்ப அட்டை இல்லை. பழங்குடி என்று எல்லோருக்கும் தெரிந்தவர்கள் அதற்கான சான்றைக் கையில் வாங்கத் தலைமுறைக் கணக்கில் அலைந்திருக்கிறார்கள். 2021 தீபாவளி அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு நேரில் வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் கொடுத்தார். நல்ல காரியம். ஆனால் கடற்கரையில் படி கட்டி வேண்டிக்கொள்கிற எத்தனையோ குடும்பங்கள் இன்னும் அந்தக் காகிதத்துக்குத்தான் காத்திருக்கின்றன.

சங்கத்தின் பிழைப்பும் காகிதத்தில்தான் தொங்குகிறது. எந்த வகைப் பாம்பை எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி கொடுத்தால்தான் கடப்பாரையைத் தூக்க முடியும். அது தள்ளிப்போகிற ஆண்டில் பாம்பு வயலில் இருக்கும், பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். 2020-இல் பொதுமுடக்கம் வந்தபோது பார்வையாளர் கட்டணமும் நின்றுபோனது.

இன்னொரு சிக்கல் அறிவியல் சொன்னது. ஒரே வகைப் பாம்பானாலும் விஷம் ஊருக்கு ஊர் மாறுகிறது. எங்கள் பக்கத்து மூன்று நான்கு மாவட்டப் பாம்புகளின் விஷத்தில் செய்த மருந்து, ராஜஸ்தானிலோ வங்காளத்திலோ கடித்த பாம்புக்கு அதே அளவு வேலை செய்யாது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சிலர் இதை இருளர் சங்கத்தின் குறையாகப் பேசுகிறார்கள். அது சரியில்லை. இத்தனை பெரிய நாடு ஒரு சிறு கூட்டத்தின் தோளில் முழுப் பாரத்தையும் இத்தனை காலம் போட்டுவைத்ததுதான் குறை.

மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க, நவீன வழிகளெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இவர்களைக் கூப்பிட்டார்கள். போன இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்நிய மண்ணில் தடம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ராஜஸ்தான் மணல் என்ன பெரிய பாடு?

2030-க்குள் பாம்புக்கடி மரணங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2024-இல் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. தமிழ்நாடு அதே ஆண்டு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இவையெல்லாம் நடக்க வேண்டுமானால் ஒவ்வொரு பகுதியிலும் விஷம் எடுக்கும் நிலையங்கள் வர வேண்டும். வரும்போது இருளர்களைத் தினக்கூலிக்குக் கூட்டிப்போகக் கூடாது, சம்பளமும் பதவியும் உள்ள ஆசிரியர்களாக அழைத்துப்போக வேண்டும். அதெல்லாம் நாளைக்கு. இந்த ஆண்டுக்கான அனுமதிக் கடிதம் தள்ளிப்போகாமல் வந்து சேர்ந்தால், 300 குடும்பங்களுக்கு மேல் வேறெங்கும் முன்பணம் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.