வெம்பிளியில் ஒரு ஜீர்ணோத்தாரணம்

காலஞ்சென்ற நம்முடைய பாட்டனாரின் தகரப் பெட்டியைச் சென்ற மாதம் திறந்து பார்த்தோம். மூடியின் உட்புறத்தில் பழுப்பேறிய பத்திரிகைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. 1948-ஆம் வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி, லண்டன் மாநகரின் வெம்பிளி மைதானத்தில், இந்திய ஹாக்கி கோஷ்டியார் பிரிட்டிஷ் கோஷ்டியாரை நான்கு கோல் போட்டுத் தோற்கடித்த செய்தி அது. எதிராளிகள் போட்டது பூஜ்யம். அதைப் படித்ததும், பாட்டனாருடன் நாம் செய்த ஒரு பழைய வாக்குவாதம் ஞாபகத்துக்கு வந்தது.

2003-ஆம் வருஷம் வெம்பிளியின் இரட்டை ஸ்தூபிகளை இடிக்கும் காட்சியை டெலிவிஷனில் காட்டினார்கள். நாம் அப்போது காலேஜ் மாணவர். உலகத்தில் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை என்ற எண்ணம்! "வெள்ளைக்காரன் தன் சாம்ராஜ்யப் பெருமையைப் பறையடிக்கக் கட்டினது, தாத்தா. இடிந்தால் நமக்கென்ன நஷ்டம்?" என்றோம்.

பாட்டனார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கட்டினவன் அவன்தான், அப்பா. ஆனால் ஜயித்தது நாமல்லவா? அதற்கு அந்தக் கட்டடந்தானே சாட்சி?" என்றார். நாம் சிரித்துவிட்டோம்.

சிரித்தது சரியா என்று பார்க்க வேண்டுமானால், அந்த இடத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்தைவிட உயரமான கோபுரம் ஒன்று லண்டனில் எழும்ப வேண்டுமென்று ஸர் எட்வர்டு வாட்கின் என்னும் ரயில்வே முதலாளிக்கு ஆசை உண்டாயிற்று. வெம்பிளியில் வேலை தொடங்கியது. முதல் தட்டு முடிந்ததோடு பணமும் உற்சாகமும் தீர்ந்தன. அந்த அரைகுறைக் கோபுரத்தை 1907-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே இடத்தில்தான், பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருட்காட்சியை உத்தேசித்து, முந்நூறே நாளில் ஒரு ஸ்டேடியம் எழும்பியது. அதற்குச் 'சாம்ராஜ்ய ஸ்டேடியம்' என்றே நாமகரணம் செய்தார்கள்.

1923 ஏப்ரல் 28-ந் தேதி அங்கே முதல் கால்பந்துப் பந்தயம் நடந்தது. கணக்கிலே வந்த ஜனங்கள் 1,26,047 பேர். சுவரேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்கிறார்கள். ஆட்டக்காரர்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஜனங்கள் நின்றார்கள். பில்லி என்ற குதிரைமீது ஏறிய ஜார்ஜ் ஸ்கோரி என்னும் போலீஸ்காரர், மற்றப் போலீஸாருடன் சேர்ந்து, கூட்டத்தைப் பைய விலக்கி மைதானத்தை மீட்டார். முக்கால் மணி தாமதத்துக்குப் பின்னரே ஆட்டம் தொடங்கியது.

மறு வருஷம் பொருட்காட்சி திறந்தது. நம் தேசத்துக்கும் ஒரு மண்டபம் கட்டி, சாம்ராஜ்யத்தின் உடைமைகளில் ஒன்றாகக் காட்டினார்கள். அதே வெம்பிளியில், இருபத்துநான்கு வருஷங்களுக்குப் பிற்பாடு, காட்சிப் பொருளாக அல்ல, சுதந்திர தேசமாகவே நாம் போய் இறங்கினோம். கிஷன் லால் தலைமையில் ஆடிய நம்மவர்களில் பல்பீர் சிங் மட்டும் இரண்டு கோல் போட்டார். சுதந்திரம் வந்து ஒரு வருஷம் நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது. சாம்ராஜ்யத்தின் பெயர் தாங்கிய அந்தக் கட்டடத்திலே மூவர்ணக் கொடி ஏறிற்று!

1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றதும் அங்கேதான். ஆயினும் கட்டடத்துக்கு மூப்பு வந்துவிட்டது. தூண்கள் பார்வையை மறைத்தன, வசதிகளும் போதவில்லை. 2000 அக்டோபரில், மழையில், ஜெர்மனியிடம் தோற்றுப் பழைய வெம்பிளி கதவைச் சாத்திக்கொண்டது.

2007-இல் திறந்த புது அரங்கில் 90,000 பேர் உட்காரலாம். ஸ்தூபிகளுக்குப் பதிலாக 133 மீட்டர் உயரமுள்ள உருக்கு வளைவு கூரையின் பாரத்தைத் தாங்குகிறது. பரிசு வாங்க ஏற வேண்டிய படிகள் முன்பு 39, இப்பொழுது 107. கழிப்பிடங்கள் மட்டும் 2,618! பழைய அரங்கில் காத்து நின்றவர்கள் இதையே பெரிய சீர்திருத்தமென்று கருதக்கூடும்.

நம் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கினால், முதலில் பாலாலயம் அமைத்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தை அங்கே எழுந்தருளச் செய்வார்கள். அதன் பின்னரே பழைய கல்லைப் பெயர்ப்பார்கள். ஆங்கிலேயர்களும் தங்களுக்குத் தெரிந்த வகையில் இதைச் செய்யத்தான் செய்தார்கள். ஒரு ஸ்தூபியின் உச்சி பக்கத்துப் பூங்கா ஒன்றில் நிற்கிறது. இடிபாடுகளில் ஒரு பகுதி நார்தோல்ட் என்னுமிடத்தில் செயற்கைக் குன்றுகளாயிற்று. ஸ்டேடியத்துக்கருகே கட்டிய பாலத்துக்கு 'வெள்ளைக் குதிரைப் பாலம்' என்றே பெயர். குதிரையைக்கூட அவர்கள் மறக்கவில்லை.

நம்முடைய 1948-க்குப் பாலாலயம் எது? அதை அந்நியர் அமைத்துத் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. பாட்டனார் தம் தகரப் பெட்டியின் மூடியிலே அதைச் செய்து வைத்திருந்தார். அன்று சிரித்தது தவறு என்று இன்று அவரிடம் சொல்ல வழியில்லை. ஆகவே, மறுநாள் வகுப்பில் பாடத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, அந்தத் துண்டைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுவன், "இன்னொரு தடவை படியுங்கள், ஸார்!" என்றான். படித்தோம்.