முன்னூற்றில் ஒரு பங்கு

கூரை வேலையை விட்டபிறகும் ஸ்காபரோவில் தெரிந்தவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். போன மாசியில் ஒரு பழைய பங்களா. கூரை மாற்றி இரண்டு வருடம் ஆகவில்லை. கூரைக்கடியில் அற்றிக்குக்குள் ஆணி முனையெல்லாம் உறைபனி, பலகையில் கறுப்புப் பூஞ்சணம். வேலை செய்த தம்பி, "கணக்குப் பாத்துத்தான் அண்ணை போட்டனான்" என்றார்.

கணக்குச் சரிதான். சீலிங் 1,200 சதுர அடி. ஒன்ராறியோ விதிப்படி அதில் 300இல் ஒரு பங்கு, 576 சதுர அங்குலம், காற்றுப் போகத் திறந்திருக்கவேண்டும். (சாய்வு 6க்கு 1இலும் குறைந்தால் 150இல் ஒரு பங்கு.) மேலே கால்வாசியாவது, கீழே கால்வாசியாவது இருக்கவேண்டும். அவர் பாதிக்குப் பாதி பிரித்திருந்தார்: முகட்டோரம் 50 சதுர அங்குல வென்ற் ஆறு, மீதிக்குத் தாழ்வாரத்தின் அடியில் துளைபோட்ட அலுமினியம்.

அந்த அலுமினியத்தைக் கழற்றினேன். உள்ளே 1950களின் பிளைவுட், ஒரு துளைகூட இல்லாமல் அப்படியே. அதை வெட்டாமல் மேலே தகட்டை மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழிருந்து வெளிக்காற்று வராவிட்டால் மேலே உள்ள வென்ற் எங்கே இழுக்கும்? வீட்டுக்குள்ளிருந்துதான்: லைற் பொருத்திய ஓட்டை, அற்றிக் மூடியின் இடுக்கு, எல்லாவற்றாலும் சூடான ஈரக்காற்று ஏறும். குளிர்ந்த பலகையில் பட்டுப் பனியாகும். இன்னும் ஆறு வென்ற் போட்டால் இன்னும் இழுக்கும். போதாததற்குக் குளியலறை விசிறிக் குழாயின் வாயும் அற்றிக்குக்குள்ளேயே கிடந்தது.

எனக்கு வேலை பழக்கிய இத்தாலியர் பென்சிலைத் தொடமுன் மேலே ஏறச் சொல்வார். ரோச்சை அணை, கண் பழகட்டும், பிறகு ஓரத்தைப் பார். எத்தனை கைமர இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணு. வெளிச்சம் வராத இடைவெளியைக் கணக்கில் சேர்க்க விடமாட்டார். பகல் முழுக்கக் கூரையில் நின்ற மனிதர், மாலையில் வயிற்றால் ஊர்ந்து அந்த ஓரம்வரை போவார். அவரிடம் படித்தவன் என்று சொல்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

இப்போது கைபேசியில் வீட்டின் பரப்பைப் போட்டால் வென்ற் எண்ணிக்கை வந்துவிடுகிறது. வீட்டுக்காரரும் வீதியில் நின்று கூரைப் பெட்டிகளை எண்ணித் திருப்திப்படுகிறார். பிளைவுட்டை வெட்டி, இன்சுலேஷனை ஓரத்திலிருந்து ஒதுக்கி, கூரைப் பலகைக்கடியில் 63 மில்லிமீற்றர் வழிவிட்டு பஃபிள் (காற்றுவழித் தட்டு) அடிப்பது முதுகை முறிக்கும் வேலை. அதற்குக் காசு கேட்டால், மற்றவர் கேட்கவில்லையே என்கிறார்கள். மற்றவர் அதைச் செய்யவுமில்லை.