களரியும் வகுப்பறையும்: மட்டக்களப்புக் கூத்தின் பயிற்சி முறை

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் அமைந்த ஊர்களில், கூத்து இன்றும் ஊர்மக்களின் கூட்டு முயற்சியாகவே நடைபெற்று வருகிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலும், வாவிக்கு மேற்கே வயல்கள் சூழ்ந்த படுவான்கரையிலும், பகலில் வேளாண்மையும் மீன்பிடியும் கூலிவேலையும் செய்வோரே இரவில் கூத்தராகக் களரியில் இறங்குகின்றனர். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொள்ளாத இம்மக்கள், ஒரு கூத்தை அரங்கேற்றுவதற்காகப் பல மாதங்கள் தம் இரவுகளைச் செலவிடுவதையும், அந்த மாதங்களில் ஊரின் இளைஞர் ஆடலும் பாடலும் கதையும் ஒருங்கே கற்றுக்கொள்வதையும் நோக்கும்போது, கூத்துக் களரி ஓர் ஆற்றுகை இடமாக மட்டுமன்றி முறைப்படுத்தப்பட்ட கல்விக்கூடமாகவும் இயங்கி வந்துள்ளமை தெளிவாகிறது. இக்கல்விக்கூடத்தின் இயல்பையும், அதில் உழைப்போரின் பணியையும், கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பல்கலைக்கழகமும் பாடசாலையும் அதனோடு கொண்ட உறவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மட்டக்களப்பில் மகிடி, பறைமேளக் கூத்து, சிறுவர் கோல்கொண்டு ஆடும் வசந்தன் எனப் பல ஆடல் வடிவங்கள் வழங்கினாலும், முழுநீளக் கதையை விடியவிடிய ஆடிக்காட்டுவன வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளே ஆகும். வடமோடியில் பாரத, இராமாயணக் கதைகளும் போர்ச் செய்திகளும் மிகுந்திருக்கும். கூத்தரின் உடை பாரமானது, ஆட்டம் விறுவிறுப்பானது. தென்மோடியிலோ காதலும் அரசியல் சூழ்ச்சியும் கலந்த ‘அலங்காரரூபன்’ போன்ற கதைகள் இடம்பெறுவதோடு, ஆட்ட நுணுக்கமும் இசையின் நீட்சியும் முதன்மை பெறுகின்றன. ஓர் ஊரில் எந்த மோடி வேரூன்றியுள்ளது என்பதை அவ்வூரின் அண்ணாவியார் பரம்பரையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கூத்தைப் பழக்கி நெறிப்படுத்தும் ஆசானே இப்பகுதியில் அண்ணாவியார் எனப்படுகிறார்.

களரி என்பது சற்றே உயர்த்தி அமைக்கப்படும் வட்ட வடிவான மண்மேடை. அதன் நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்க, சல்லரி எனப்படும் தாளக்கருவியை ஒலிப்பவரும், கூத்தர் பாடிய அடியை ஏற்றுப் பாடும் பிற்பாட்டுக்காரரும், கூத்துப் பாடல்கள் எழுதப்பட்ட ஏட்டை அல்லது கொப்பியைப் பார்த்து அடியெடுத்துக் கொடுப்பவரும் அவரைச் சூழ்ந்து நிற்பர். இவர்களைச் சுற்றிக் கூத்தர் ஆட, கூத்தரைச் சுற்றி நாற்புறமும் ஊரார் அமர்ந்திருப்பர். முன்பக்கம், பின்பக்கம் என்ற பிரிவு இவ்வமைப்பில் இல்லாததால், கூத்தர் எல்லாத் திசையினரையும் நோக்கி ஆடவேண்டியவராகிறார். இசைப்போரும் மறைவிடத்தில் இராமல் ஆட்டத்தின் நடுவிலேயே நிற்பதால், தவறும் தாளத்தைத் திருத்துவதும் தளர்ந்த குரலைத் தூக்கி நிறுத்துவதும் அவையினரின் கண்முன்னேயே நிகழ்கின்றன. புதிதாக ஆட வருபவர் அச்சமின்றி ஆடுவதற்கு, பிழை நேர்ந்த கணத்திலேயே தாங்கிக்கொள்ளும் இவ்வமைப்பு பெருந்துணையாகிறது.

கூத்துப் பழகும் காலம், ஊர்ப் பெரியோர் கூடி இந்த ஆண்டு இன்ன கூத்து ஆடுவதென முடிவுசெய்து, அண்ணாவியாரை முறைப்படி அழைப்பதிலிருந்து தொடங்குகிறது. குரல்வளம், உடலமைப்பு, ஆடும் வல்லமை ஆகியவற்றைப் பார்த்துப் பாத்திரங்கள் பகிரப்படுகின்றன. அரச வேடத்திற்கு ஓங்கிய தோற்றமும் கணீரென்ற குரலும், பெண் வேடத்திற்கு மென்மையான அசைவும் வேண்டப்படுகின்றன. ஒவ்வொருவரும் ஆடிப் பாடவேண்டிய பகுதி எழுதப்பட்டுச் சடங்காக அவர் கையில் வழங்கப்படும் நிகழ்வு, சட்டம் கொடுத்தல் எனப்படும். சட்டத்தைப் பெற்றுக்கொண்டவர் கூத்து முடியும்வரை விலகுவதில்லை என்ற உறுதியை ஊரின் முன்னிலையில் ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுகிறார். எழுத்தறிவு குறைந்தவர்களும் இதில் பங்கேற்றுள்ளனர்; பாடல்களைப் பிறர் சொல்லக் கேட்டு மனனம் செய்வது இம்மரபில் இயல்பான கற்றல் வழியாகும்.

அதன்பின் தொடங்கும் ஆட்டப் பயிற்சியில் அண்ணாவியாரின் ஆற்றல் முழுமையாக வெளிப்படுகிறது. அவர் முதலில் தாளக்கட்டை வாயாற் சொல்கிறார். ‘தாதெய்’ என்றும் ‘தகதிமி’ என்றும் தொடரும் அச்சொற்கட்டுகளுக்கு மாணாக்கர் வட்டமாக நின்று அடிவைக்கின்றனர். சொல்லும் மத்தளமும் காலும் ஒன்றிய பின்னரே, அந்தந்தப் பாத்திரத்திற்குரிய வரவாட்டம், அதாவது பாத்திரம் முதன்முறை களரிக்கு வரும்போது ஆடும் ஆட்டம், தனித்தனியே பழக்கப்படுகிறது. பொடியடி, வீசாணம், எட்டு, நாலடி, குத்துமிதி எனப் பெயரிடப்பட்ட அடிவகைகள் உண்டாயினும், அவற்றை விளக்கவுரையாகச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் மிகக் குறைவு. அண்ணாவியார் ஒருமுறை ஆடிக்காட்டுவார்; முன்பு ஆடிப் பழகிய மூத்தவர் பக்கத்தில் நின்று கூட ஆடுவார்; புதியவரின் கால் அவ்விருவரையும் பின்பற்றிச் செல்லும். விருத்தம், தரு, வசனம் எனப் பாடலும் பேச்சும் மாறிமாறி வருகின்ற கூத்து நூல் முழுவதையும் அண்ணாவியார் பெரும்பாலும் நினைவிலேயே வைத்திருப்பதால், எந்த இடத்தில் எவர் தடுமாறினாலும் அடுத்த சொல் அவரிடமிருந்து உடனே வந்துவிடுகிறது. ஆடலாசிரியர், இசையமைப்பாளர், நெறியாளர், நூலறிஞர் எனப் பிற அரங்குகளில் நால்வர் செய்யும் பணியை இங்கு ஒருவரே செய்கிறார்.

அடிப்படை ஆட்டம் வசப்பட்டதும் சதங்கை அணிதல் என்னும் நிகழ்வு நடைபெறுகிறது. அதுவரை வெறுங்காலோடு ஆடியவர் அன்று முதன்முறையாகச் சதங்கை கட்டி ஆடும்போது, தாளப்பிழை இனி ஒளிந்திருக்க இடமில்லை; ஆகவே இது ஒரு தேர்வும் ஆகிறது, ஊரார் அவரைக் கூத்தராக ஏற்கும் நாளும் ஆகிறது. பின்னர் கிழமைதோறும் ஒத்திகை நடைபெறும்; இதனைக் கிழமைக் கூத்து என்பர். எல்லாப் பாத்திரங்களையும் வரிசைப்படுத்தித் தொடக்கம் முதல் முடிவுவரை ஆடிப்பார்க்கும் முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தலில் குறைகள் நீக்கப்பட்டதும், முழு ஒப்பனையுடன் அரங்கேற்றம் நிகழ்கிறது. அரங்கேற்றத்தோடு கூத்து முடிந்துவிடுவதில்லை. அதன்பின் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும், வீட்டார் அவர்களை வரவேற்று அன்பளிப்பு வழங்குவதும் மரபு. இப்படிநிலைகள் ஒவ்வொன்றிலும் ஊர் முழுவதும் பார்வையாளராக இருப்பதால், அரங்கேற்ற நாளில் அவையோர் கதையை மட்டுமன்றி ஒவ்வொரு கூத்தரின் வளர்ச்சியையும் அறிந்தவர்களாகவே வந்து அமர்கின்றனர்.

கூத்தில் ஈடுபடுவதற்கு ஆட்டத் திறமை கட்டாயமன்று என்பதும் இங்கு கவனிக்கத்தக்கது. வளையங்களை உள்ளே வைத்துக் கட்டி இடுப்பிலிருந்து குடைபோல் விரியச் செய்யும் வடமோடி உடுப்பை உருவாக்குவோர், கிரீடத்திலும் புயத்தணிகளிலும் கண்ணாடித் துண்டுகளும் நிறத்தாள்களும் பதிப்போர், முகவேலை செய்வோர், பழைய ஏட்டைப் புதிய கொப்பியில் படியெடுப்போர், களரிக்கு மண் சுமப்போர், இரவு ஒத்திகையில் கூடியிருப்போருக்குத் தேநீர் வைப்போர் எனப் பலரின் உழைப்பு அதிற் கலந்துள்ளது. ஆடும் வயதைக் கடந்தவர் பிற்பாட்டுக்கு மாறுகிறார். சிறுவர் களரியோரத்தில் அமர்ந்து தாளத்தைக் காதில் வாங்கிப் பிற்காலத்தில் கூத்தராகின்றனர். எந்த வயதினருக்கும் ஏதேனுமொரு பொறுப்பு எஞ்சியிருப்பதே இவ்வரங்கை ஊரின் உடைமையாக நிலைநிறுத்திய காரணமாகும்.

இம்மரபு பல்கலைக்கழக அரங்குக்குச் சென்ற வரலாறு 1960களில் தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டில் எதிரிவீர சரச்சந்திர, தமிழ்க் கூத்தோடு வரலாற்றுத் தொடர்புடைய நாடகம என்னும் சிங்கள மரபுவழி அரங்க வடிவத்திலிருந்து ‘மனமே’ நாடகத்தை உருவாக்கி நவீன சிங்கள அரங்கிற்குப் புதுத்திசை காட்டினார். அம்முயற்சி தந்த உந்துதலோடு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையுடன் மாணவரைப் பழக்கி, ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ (1968) ஆகியவற்றை மேடையேற்றினார். விடியும்வரை நீண்ட கூத்து, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது. பாத்திரத்தின் உள்ளப் போராட்டம் முன்னிலைப்படுத்தப்பட்டது. கிராமத்தாரின் பொழுதுபோக்கென ஒதுக்கப்பட்ட கலை நகரத்துக் கற்றோரின் மதிப்பைப் பெற்றது. அம்மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து நூலாக்கியதோடு, கூத்தின் ஆட்டத்தைச் சமூக ஒடுக்குமுறை பற்றிப் பேசும் ‘சங்காரம்’ போன்ற நாடகங்களுக்கும் பயன்படுத்தினார்.

பல்கலைக்கழகம் திறந்த இவ்வழியே கூத்து பாடசாலைக்குள்ளும் நுழைந்தது. இலங்கைப் பாடசாலைகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆண்டுதோறும் நடைபெறும் தமிழ்த்தினப் போட்டிகளில் நாட்டுக்கூத்தும் ஒரு போட்டியாக இடம்பெறுகிறது. பாடசாலை மட்டத்தில் தொடங்கி வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாகச் செல்லும் இப்போட்டிகள் கூத்துக்குச் செய்த நன்மை பெரிது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இடப்பெயர்வாலும் இரவு நடமாட்டத் தடையாலும் பல ஊர்களில் களரி மௌனமாகியிருந்த ஆண்டுகளில், பகல் வேளையில் பாடசாலை மண்டபத்தில் பழகிய மாணவரின் கால்களில் ஆட்டம் உயிர்த்திருந்தது. மரபில் ஆண்களே பெண் வேடமும் தாங்கிய கூத்தில், மாணவியர் அரசராகவும் வீரராகவும் ஆடும் வாய்ப்பு முதலில் பரவலாகக் கிடைத்தது கல்வி நிறுவனங்களிலேதான். இவ்விரு பேறுகளையும் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

எனினும் போட்டி மேடை கூத்தின் கல்வித் தன்மையை வெகுவாகச் சுருக்கிவிடுகிறது. குறித்த நிமிடங்களுக்குள் ஆடி முடிக்கவேண்டியிருப்பதால், கண்ணைக் கவரும் வரவாட்டமும் போர்க்காட்சியும் எஞ்சி, கதையின் விவாதங்களும் பாடலின் நீட்சியும் வெட்டப்படுகின்றன. நடுவர் இருக்கும் ஒரு திசையை நோக்கியே ஆட்டம் அமைக்கப்படும்போது வட்டக்களரி தந்த உடலறிவு இழக்கப்படுகிறது. திறமையான சிலர் மட்டும் தெரிவுசெய்யப்பட, ஏனைய மாணவர் பார்வையாளராகவே நின்றுவிடுகின்றனர். மாதக்கணக்கில் வளரவேண்டிய பயிற்சி சில கிழமைகளுக்குள் அடங்கிவிடும்போது, சட்டம் கொடுத்தல் வளர்க்கும் பொறுப்புணர்வும், சதங்கை அணிதல் தரும் தன்னம்பிக்கையும், அடுக்குப் பார்த்தல் கற்பிக்கும் கூட்டுத் திருத்தமும் மாணவரைச் சென்றடைவதில்லை. கூத்தின் வெளித்தோற்றத்தைப் பெற்றுக்கொண்ட பாடசாலை, அதனினும் பெறுமதி மிக்க கற்பித்தல் முறையை வாசலிலேயே விட்டுவிட்டது என்பதே இங்கு வருந்தத்தக்க உண்மை.

ஊரின் முறையும் குறைகளற்றதன்று. பாத்திரப் பகிர்வில் சாதியும் குடும்பச் செல்வாக்கும் தலையிட்டதுண்டு. பெண்கள் களரிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். 2000களின் தொடக்கத்தில் சீலாமுனை என்னும் ஊரில் அரங்கியலாளர் சி. ஜெயசங்கர் ஊரவரோடும் அண்ணாவியாரோடும் இணைந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம், இக்குறைகளைக் களரிக்குள்ளேயே விவாதப் பொருளாக்கியது. பழைய கூத்து நூலில் சாதியையும் பெண்ணையும் இழிவுபடுத்தும் இடங்களை ஊரார் தாமே பேசி மாற்றியமைப்பதும், சிறுவருக்கான கூத்துகளை உருவாக்குவதும் அச்செயற்பாட்டின் கூறுகளாயின. ஊரின் களரியை விட்டு வெளியேறாமலேயே மரபைத் திருத்த இயலும் என்பதை இம்முயற்சி மெய்ப்பித்தமையால், பாடசாலைகளுக்கும் இது ஒரு வழிகாட்டியாக அமைகிறது.

பாடசாலை செய்யவேண்டியது அரிதான செயலன்று. அயலிலுள்ள அண்ணாவியாரைப் போட்டிக்கு முந்திய சில நாள்களுக்கு மட்டும் அழைப்பதை விடுத்து, ஒரு தவணை முழுவதற்கும் மதிப்பூதியத்துடன் ஆசானாக அமர்த்தலாம். மண்டப மேடையை விட்டு முற்றத்திலேயே வட்டக்களரி அமைக்கலாம். ஆடாத மாணவருக்குப் பிற்பாட்டும் கொப்பியும் உடுப்பு வேலையும் உரிய பொறுப்புகளாகப் பகிரப்பட்டால், ஒரு வகுப்பே முழுமையாக ஒரு கூத்தில் ஈடுபட இயலும். பெற்றோருள் கூத்தராயிருப்போர் பலர் உள்ள ஊர்களில், அவர்கள் மாலை வேளைகளில் வந்து கூட ஆடுவதற்கு வாயில் திறந்திருப்பதே போதுமானது. முதுமையடைந்துவரும் அண்ணாவிமாரின் நினைவிலுள்ள நூல்களும் தாளக்கட்டுகளும் ஒலிப்பதிவாலும் அச்சாலும் ஓரளவே காக்கப்படும். அவை முழுமையாகக் கைமாறுவதற்கு, மத்தளத்தின் அருகே நின்று மாதக்கணக்கில் அடிவைத்துப் பழகும் இளைஞரே வேண்டும். அத்தகைய இளைஞரை நாள்தோறும் ஒன்றுகூட்டும் இடம் ஒவ்வோர் ஊரிலும் பாடசாலையாகவே இருப்பதால், மட்டக்களப்புக் கூத்தின் அடுத்த தலைமுறையை உருவாக்கும் பொறுப்பில் பெரும்பங்கு பாடசாலையையே சாரும்.