கவிழ்த்தால் தெரிகிறது, நிமிர்த்தினால் காணோம்

அத்திம்பேரின் டி.டி.பி. கடை ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, உபயதாரர் நோட்டீஸ், மார்கழியில் திருப்பாவைப் புத்தகம் என்று சில்லறை வேலைகள். கடைக்கு மூலதனம் ஒரு பழைய மடிக்கணினி. அக்கா பெண் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு விலையில்லா மடிக்கணினி அது. 2011 செப்டம்பர் 15 அன்று காக்களூரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். அப்போது அவர் ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ.வும்கூட என்பதால் இந்தத் தெருக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் சொந்தம் அதிகம். மூடியில் இருந்த அவர் படம் தேய்ந்து கொஞ்சம்தான் மிச்சம்.

புதிதாக ஒன்று வாங்கலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். அத்திம்பேர் பேஜ்மேக்கரில் வேலை செய்கிறவர். 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அந்த மென்பொருளின் கதை முடிந்தது. அவருடைய எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தையவை. புதிய கணினியில் கோப்பைத் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் கொட்டுகிறது. ஆகவே அந்தக் கணினி, அதே விண்டோஸ் 7, அதே அடைசல்.

தை மாதம் பிறந்து பத்திரிகை வேலை குவிந்த நேரத்தில் ஹார்டு டிஸ்க் 'டிக்... டிக்...' என்றது. "பல்லி மாதிரி சொல்றதுடா" என்றார். நான் 500 ஜி.பி. டிஸ்க் ஒன்றை வாங்கிவந்து, கீழ்மூடியைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினேன். பயாஸ் திரையில் டிஸ்க் என்ற வரிக்கு எதிரே ஒன்றுமே இல்லை. நாலு முறை கழற்றி மாட்டினேன். டிஸ்க்கே டூப்ளிகேட் என்று முடிவுகட்டி, விற்றவரை மனசுக்குள் திட்டியபடி, மடிக்கணினியையும் இரண்டு டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு கீழச் சித்திரை வீதிப் பக்கம் மாடியில் இருக்கும் சர்வீஸ் கடைக்கு ஏறினேன்.

மூன்றுபேர் நிற்கிற இடத்தில் இரண்டு மேசை. கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும், டிப்ளமோ முடித்தவர். மடிக்கணினியை அவர் தொடவே இல்லை. முதல் கேள்வி, "உள்ள என்ன சார் இருக்கு?" என்பதுதான். இருபது வருஷப் பத்திரிகைகள் என்றேன். "அப்ப பழசு முதல்ல."

பழைய டிஸ்க்கைக் காதோடு வைத்துக் கேட்டார். தட்டு சுழலும்போது அதன்மேல் படிக்கும் முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தூசு அதற்கு மலை. வீட்டு மேசையில் டிஸ்க்கைத் திறந்து பார்க்கிறவர்கள் நிறைய வருகிறார்களாம். அவர்களுக்கு அவரால் ஆவது எதுவுமில்லை. இந்த டிஸ்க்கில் முனை இன்னும் படித்தது, தடுக்கித் தடுக்கி. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓடவிட்டார். நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துக்கொள்ளும். கெட்டுப்போன செக்டார்களைக் குறித்துவைத்துக்கொண்டு கடைசியில் திரும்பிவந்து தட்டிப்பார்க்கும். சாகக்கிடக்கிறவரிடம் முக்கியமானதை முதலில் கேட்டுக்கொள்வதுபோல என்று நினைத்தேன், சொல்லவில்லை. நகல் நேரே நான் வாங்கிய புது டிஸ்க்கில் இறங்கியது. அதாவது, நான் டூப்ளிகேட் என்று திட்டிய டிஸ்க் அவர் மேசையில் கச்சிதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ராத்திரி முழுக்க ஓடியது. மறுநாள் போனேன். அந்தக் காலையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

புது டிஸ்க்கை மாட்டினார், தெரியவில்லை. தன்னிடமிருந்த பழைய நல்ல டிஸ்க் ஒன்றை மாட்டினார், தெரிந்தது. ஆக, டிஸ்க்கும் நல்லது, போர்டும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் ஆகவில்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடிக்கணினியைக் கவிழ்த்து, திரையை மேசை விளிம்பில் தொங்கவிட்டு, அப்படியே ஆன் செய்தார். பயாஸில் டிஸ்க் பெயர் வந்தது. நிமிர்த்தினார், காணோம். கவிழ்த்தார், வந்தது.

"கனம் சார்" என்றார். எடையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். தடிமன்! பழைய மடிக்கணினி டிஸ்க்குகள் 9.5 மில்லிமீட்டர், இப்போது வருபவை பெரும்பாலும் 7. கவிழ்த்து வைக்கும்போது டிஸ்க் தன் பள்ளத்தில் படிந்து உட்கார்கிறது. நிமிர்த்தினால் அந்த இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் மூடியை நோக்கித் தொங்குகிறது. சாட்டா முனையின் பின்கள் அரைகுறையாகத் தொடுகின்றன. பக்கவாட்டுத் திருகுகள் பிடித்திருந்தால் இது நடந்திராது. அவற்றை அவசியமில்லை என்று மேசையிலேயே விட்டுவந்தவன் நான். பழைய கல்லூரி அடையாள அட்டை ஒன்றைத் துண்டாக வெட்டி, மூன்று அடுக்காக ஒட்டி, டிஸ்க்குக்கும் மூடிக்கும் நடுவே வைத்தார். என் வீட்டிலிருந்த திருகுகளுக்குப் பதிலாகத் தன் டப்பாவிலிருந்து நான்கு.

இப்போது நிமிர்த்தினாலும் தெரிந்தது. ஆனால் விண்டோஸ் தொடங்கும் முன்பே நீலத் திரை, எண் 7பி. எனக்கு நகல்தான் கெட்டுவிட்டது என்று வயிற்றைக் கலக்கியது. அவர் நீலத் திரையைச் சட்டைசெய்யவில்லை. பயாஸுக்குள் போய்த் தேதியைப் பார்த்தார். 2012 ஜனவரி 1. "பேட்டரி போயிடுச்சு." போர்டில் ஒட்டியிருக்கும் 3 வோல்ட் நாணய பேட்டரி செத்துவிட்டால், மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பயாஸ் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் நிறுவப்பட்டது ஏ.எச்.சி.ஐ. முறையில், பயாஸ் ஐ.டி.இ.க்குப் போய்விட்டது. தன் டிஸ்க்கோடு பேச விண்டோஸுக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாடலுக்கு ஒயர் வைத்த பேட்டரி வேண்டும். தில்லைநகரில் தன் குருவிடம் கிடைக்கும் என்றார். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துச் சத்திரம் போய், அங்கிருந்து ஆட்டோ.

குருவின் கடையில் எல்லாம் சிப் லெவல் வேலை. மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஒரு பெண் கடுகளவு மின்தேக்கி ஒன்றை வெந்நீர் காய்ச்சுகிற நிதானத்தோடு ஹாட் ஏரில் பெயர்த்துக்கொண்டிருந்தார். "அடாப்டர்லேருந்து 19 வோல்ட் உள்ள வருது. அது எந்த எடத்துல நின்னுபோச்சுன்னு தேடறதுதான் நம்ம பொழப்பு" என்றார் பெரியவர். அங்கே வேலை பழக வருகிற பையன்களுக்கு முதல் சில மாதம் சால்டரிங் அயர்ன் கையில் கொடுப்பதில்லையாம், மல்டிமீட்டர் மட்டும். அளக்கத் தெரியாதவன் சூடுவைத்தால் போர்டு காலி. பெரிய சர்வீஸ் சென்டர்களில் இந்த வயசுப் பெட்டியைக் கொண்டுபோனால் 'புதுசு வாங்கிக்கோங்க' என்று சொல்லிவிடுவார்கள். அது சோதனையல்ல, விற்பனை. சந்தேக நபர்களை ஒவ்வொருவராக விடுதலை செய்துகொண்டே வருகிற இந்தப் பொறுமைக்கு ஊரில் பெயர் 'ரிப்பேர் பண்றவன்'. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சாயங்காலம் தம்பி பேட்டரி மாட்டி, ஏ.எச்.சி.ஐ. மாற்றி, தேதி திருத்தி ஆன் செய்ததும் அத்திம்பேரின் ரங்கநாதர் படம் திரையில் வந்தது. பேஜ்மேக்கர் திறந்தது. இரண்டு கோப்புகள் மட்டும் திறக்கவில்லை. இரண்டும் எப்போதோ அச்சாகிப்போன பத்திரிகைகள்.

பில் எழுநூறு ரூபாய், பேட்டரி உட்பட. அட்டைக்குக் காசு வாங்கவில்லை. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டதால், வைஃபையை மட்டும் அவரே அணைத்துவிட்டுக் கொடுத்தார்.